வைகை பிறக்கும் காட்டில் ஒரு வௌவால்

மேகமலையில் தோட்டப் பணியில் இருந்த ஆங்கஸ் ஹட்டன், 1948-இல் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில், நாடெங்கும் காணப்படும் குறுமூக்கு வௌவால் என்றே அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 1972-இல் தாய்லாந்து விலங்கியலாளர் கித்தி தோங்லோங்யா அதை மறுபடி ஆராய்ந்து, அறிவியல் அதுவரை அறியாத தனிப் பேரினம் என்று அறிவித்தார். பறவையியலாளர் சாலிம் அலியின் பெயர் சூட்டப்பட்ட அந்த வௌவால், 1993-இல் அதே மலையில் மீண்டும் கண்டறியப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

மேகமலை இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடக்கம். 2021-இல் உருவான இது தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம். பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். புலியை மட்டும் எதிர்பார்த்து வருபவர் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புவார். மரங்களைக் கவனித்து நடப்பவருக்கு அந்த ஏமாற்றம் இல்லை.

அடிவாரத்தில் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை தாண்டி வருசநாடு போகும் வழியெல்லாம் முள்காடும் இலவ மரங்களும்தான். தென்மேற்குப் பருவக்காற்று பெரும்பாலான மழையைக் கேரளச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. அடிவாரம் மழை மறைவில் காய்கிறது. ஏற ஏற வெயில் தணிந்து ஈரம் கூடும். இலையுதிர்காடு முடிந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் சோலைகளும் புல்வெளிகளும் விரியும். ஆற்றோரங்களில் கிளையோடு கிளை கோத்து நிற்கும் மரங்களில் நரை அணில் தாவும். அது தரைக்கு இறங்குவது அபூர்வம். நடுவில் ஒரு மரத்தை வெட்டினாலே அதன் பாதை அறுந்துவிடும்.

பழுத்த அத்தி மரம் கண்ணில் பட்டால் காலையில் அதன் அடியில் பாருங்கள். பல்தடம் பதிந்த சக்கை உருண்டைகள் கிடக்கலாம். பழந்தின்னி வௌவால் சதையை மென்று, சாற்றை விழுங்கி, நாரைத் துப்பிவிடும். சாற்றோடு உள்ளே போகும் பொடி விதைகள், அது பறந்துபோகும் இடமெல்லாம் எச்சத்தோடு விழும். வேறொரு மரத்தின் கவட்டையில் விழுந்த விதைகூட முளைத்து, வேரைத் தரைவரை இறக்கி, அத்தியாக வளர்ந்துவிடும். பகலில் இதே வேலையை இருவாச்சி செய்கிறது.

இப்படி வளரும் காட்டின் வேரும் சருகும் மழையை நிலத்துக்குள் இறக்கி, மூல வைகையை ஓடைகளாக ஊறவைக்கின்றன. பெரியாற்று நீரோடு சேர்ந்து அது வைகை அணைக்கும் மதுரைக்கும் போகிறது. மேலே காடு குறைந்தால், மழைநாளில் வெள்ளமும் கோடையில் வெறும் மணலும்தான் மிஞ்சும்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற பலரின் உயிரைக் குடித்தது. ஆகவே வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் ஏறக் கூடாது. காட்டுத்தீக் காலத்தில் போகவே கூடாது. குகை தென்பட்டால் டார்ச் அடித்து நுழைய வேண்டாம். மிரண்டு பறக்கும் தாய் வௌவாலிடமிருந்து குட்டி தவறி விழக்கூடும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு குட்டிகளே ஈனும் உயிரினத்துக்கு அது பெரிய இழப்பு.