மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் எதிர்ப்பொருள் சோதனை

மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் எதிர்ப்பொருள் சோதனை என்பது ஆய்வுக்கூட எலிகளிலும் சுண்டெலிகளிலும் மூச்சுத்தொற்றை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்னும் பாக்டீரியாவை, குருதியிலுள்ள எதிர்ப்பொருள்களைக் கொண்டு கண்டறியும் முறை ஆகும். செல்சுவர் அற்ற இப்பாக்டீரியா மூக்கு, நடுச்செவி, மூச்சுக்குழல், நுரையீரல் ஆகியவற்றில் நெடுங்காலம் தங்கக்கூடியது. தொற்றுற்ற விலங்குகள் பல நலமாகவே தோன்றும். ஆயினும் அவற்றின் நுரையீரல் அழற்சி ஆய்வு முடிவுகளைத் திரித்துவிடும். மருந்தின் விளைவு எது, தொற்றின் விளைவு எது எனப் பிரித்தறிவது கடினமாகும்.

செய்முறை

1971-இல் வெளியிடப்பட்ட எலிசா முறை இதற்குப் பயன்படுகிறது. பாக்டீரியாவின் புரதங்கள் பூசப்பட்ட குழிகளில் விலங்கின் குருதிநீர் இடப்படும். எதிர்ப்பொருள் இருந்தால் அப்புரதங்களோடு பிணையும். கழுவிய பின், நொதி இணைக்கப்பட்ட இரண்டாம் எதிர்ப்பொருள் சேர்க்கப்படும். அது முதலாவதைப் பற்றிக்கொள்ளும். மீண்டும் கழுவி, நொதி வினைபுரியும் வேதிப்பொருளை இட்டால் நிறம் தோன்றும்.

குறைபாடுகள்

எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் சோதித்தால் தொற்று தெரியாது. எதிர்ப்பொருள் உண்டாக்க இயலாத ஸ்கிட் வகைச் சுண்டெலிகளில் இச்சோதனை பயன்படாது. ஆகவே அவற்றுடன் நலமான இயல்புச் சுண்டெலிகளை வளர்த்து, பின்னர் இவற்றின் குருதி சோதிக்கப்படும். மைக்கோபிளாஸ்மா ஆர்த்ரிடிடிஸ் தொற்றும் இச்சோதனையில் நிறம் காட்டக்கூடும். எனவே நேர்முடிவைப் பிசிஆர் அல்லது நுண்ணுயிர் வளர்ப்பு முறையால் உறுதிசெய்தல் வேண்டும்.