ஓய்வுக்கு ஒரு நாள் வேண்டுமா?

அரசு அலுவலர் ஒருவர் ஓய்வு பெறும் நாளை நாம் அனைவரும் கண்டிருப்போம். மாலை, சால்வை, புகழுரை, தேநீர். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் என்ன செய்வார் என்று எவரும் கேட்பதில்லை. ஓய்வு வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலோடு அவர் பணி முடிகிறது. தமிழக அரசுப் பணியாளருக்கு 58 ஆக இருந்த அவ்வயது 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. கோடு தள்ளிப்போயிற்றே தவிர, மறையவில்லை.

எங்கள் வீட்டில் இருவகை ஓய்வையும் காண்கிறேன். என் தந்தையார் அலுவலகப் பணியாளர். வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். பாட்டனார் கைத்தறி நெசவாளர். அவர் முதலில் இரவில் நெய்வதை விட்டார். பிறகு கரை வைத்த சேலையை விட்டு எளிய வேட்டிக்கு வந்தார். கால் வலி மிகவே தறியைச் சிற்றப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தார் சுற்றினார். இன்று தறியருகே அமர்ந்து, அறுந்த இழையைச் சிற்றப்பா பிணைக்கும்போது குறை சொல்கிறார். எந்த ஆண்டில் ஓய்வு பெற்றார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் விடை தெரியாது.

இது எவ்வாறு இயன்றது? நெசவு வேலை சிறுசிறு கூறுகளாகப் பிரியக்கூடியது. வலுக் குறைந்தவருக்கும் அதில் ஓர் இடம் உண்டு. கூலியோ தனி ஒருவருக்கன்றி வீட்டுக்கு வருகிறது. அவர் குறைத்த வேலையின் கூலியைச் சிற்றப்பாவின் கை ஈடுசெய்தது. இதைப் பெரிதும் போற்றுவதற்கில்லை. தந்தையாருக்கு உள்ளது போன்ற ஓய்வூதியம் பாட்டனாருக்கு இல்லை. ஓய்ந்திருக்க உரிமையுள்ள நாள் என்று ஒன்றும் அவருக்கு வரவில்லை.

சம்பள வேலையில் வீட்டாரின் இடத்தில் நின்று ஈடுசெய்வது யார்? ஸ்வீடன் நாடு இதற்கு 1976-இல் ஒரு வழி கண்டது. 60 முதல் 64 வயது வரையுள்ள தொழிலாளர் வேலை நேரத்தை வாரத்துக்கு ஐந்து மணியேனும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் 17 மணியேனும் உழைக்க வேண்டும். இழந்த ஊதியத்தில் 65 விழுக்காட்டை அரசின் பகுதி ஓய்வூதியம் தந்தது. நூறு குரோனர் பெற்றவர் பாதி வேலைக்கு மாறினால் ஊதியம் ஐம்பது, ஓய்வூதியம் முப்பத்திரண்டரை. ஆக எண்பத்திரண்டரை கிடைக்கும். பலர் விரும்பிச் சேர்ந்தனர். 1981-இல் ஈட்டை 50 விழுக்காடாகக் குறைத்தபோது புதிதாகச் சேர்வோர் தொகை வெகுவாகச் சரிந்தது. 1987-இல் பழைய அளவு திரும்பியது. பின்னர் மீண்டும் குறைத்து, 2001-இல் புதியவர்களுக்குக் கதவை மூடிவிட்டனர்.

ஜெர்மனியின் கதை இன்னும் சுவையானது. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி 55 வயதைக் கடந்தவர்கள் பாதி நேர வேலைக்கு மாறலாம். பாதிச் சம்பளத்துக்கு மேல் ஒரு தொகையும் உண்டு. காலியாகும் இடத்தில் வேலையற்றோரை அமர்த்தினால் அத்தொகையை அரசு முதலாளிக்குத் திருப்பித் தந்தது. ஆனால் அந்தப் பாதியை நாள்தோறும் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் பாதி ஆண்டுகள் முழு வேலை, அடுத்த பாதி முழு ஓய்வு என்றும் பிரிக்கலாம். பெரும்பாலோர் இதையே தேர்ந்தனர்! படிப்படியாக விலகுவதற்கென வந்த சட்டம், முன்கூட்டியே ஒரேயடியாக விலகும் வழியாயிற்று. ஒரு நாற்காலியை இருவருக்குப் பங்கிடுவது முதலாளிக்குத் தொல்லை. தொழிலாளிக்கோ விடுதலை இரண்டாண்டு முன்னதாகவே கிடைத்தால் போதும்.

நம் கல்லூரிகளில் கல்வியாண்டின் நடுவே ஓய்வு வயதை எட்டும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் தருவதுண்டு. அது நம் பாடம் தடைப்படாதிருக்கவே. அவர் ஓய்வை எளிதாக்க அன்று.

இவற்றையெல்லாம் படித்துவிட்டுத் தந்தையாரிடம் ஒரு யோசனை சொன்னேன்: "ஈட்டிய விடுப்பு நிறைய இருக்கிறதே அப்பா, வாரம் இரண்டு நாள் எடுத்து வீட்டிலிருந்து பழகலாமே?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பாதி நாள் நான் போகாவிட்டால் கோப்புகளை யார் பார்ப்பது? அந்த விடுப்பு 240 நாள் வரை கடைசியில் பணமாக வரும். உன் தங்கை கல்லூரிக் கட்டணத்துக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன்."