நெசவாளி வீட்டுக்கும் கடல் உண்டு!

"கடற்கரைக்குப் போகிறார்களாம், கடற்கரைக்கு! தறியில் பாவு கிடக்கிறது. வாங்கிய முன்பணம் தீரவில்லை. இந்த அழகில் பிள்ளை குட்டிகளோடு உல்லாசப் பயணம் ஒரு கேடா?"

காஞ்சி நெசவாளி ஒருவன் ஒரே ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு, பெற்றோர், உடன்பிறந்தோர், மாமன் மைத்துனர், அத்தை, சித்தப்பா, அவர்தம் பிள்ளைகள் அனைவரோடும் ஒரு வேன் பிடித்து மாமல்லபுரம் போய் வந்தால், இப்படிப் பேசும் நாக்குகளுக்கு ஊரில் பஞ்சமில்லை. பேசுவோர் யார்? கோடை பிறந்தால் கொடைக்கானல், பனி பிறந்தால் கோவா என்று பெட்டி கட்டுவோர்! அவர்கள் போனால் அது ஓய்வு. உழைப்பாளி போனால் அது ஊதாரித்தனம். அவர்கள் செலவிட்டால் அது வாழ்க்கைத் தரம். இவன் செலவிட்டால் அது வரவறியாத் திமிர். இந்த நீதி எந்த நாட்டு நீதி என்று கேட்கிறோம்.

காஞ்சிபுரம் ஊரையே எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஆண்டு முழுவதும் பிறருடைய விடுமுறையைச் சுமக்கும் ஊர் அது. ஏகாம்பரநாதர் கோயில் வாசலிலும், காமாட்சி அம்மன் கோயில் வாசலிலும், வரதர் கோயில் வாசலிலும் வெளியூர் வண்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள், கும்பிடுகிறார்கள், காந்தி சாலைக் கடைகளில் முகூர்த்தப் பட்டு எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்புகிறார்கள். 2019-ல் அத்திவரதரைக் காண 48 நாட்கள் நாடே திரண்டு வந்தது. வந்தவர்களை நாம் குறை கூறவில்லை, வரட்டும், மகிழட்டும். நாம் கேட்பது ஒன்றே. அவர்கள் எடுத்துச் செல்லும் பட்டை நெய்தவன் தன் பிள்ளைகளை எந்த ஊருக்கு, எந்த நாளில் அழைத்துச் செல்வது?

கடல் தொலைவில் இருக்கிறதா? இல்லை. காஞ்சியிலிருந்து செங்கற்பட்டு வழியே மாமல்லபுரம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இரண்டு மணி நேரப் பயணம். 2019-ல் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் அந்தக் கடற்கரையும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தது. பல்லவர் காலத்தில் காஞ்சி தலைநகரம், மாமல்லை துறைமுகம். காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மனே மாமல்லையில் கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான். மன்னனுக்கு அருகில் இருந்த கடல் மக்களுக்குத் தொலைவில் இருப்பது ஏன்? இடையில் நிற்பது 65 கிலோமீட்டர் அல்ல. ஒரு நாள் கூலி!

தறி வீட்டின் நிலையை அறிந்தவர்க்கே இது விளங்கும். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரு நாடா, ஆக மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் கையால் ஆகாது. குழியில் நெசவாளி அமர்ந்தால், பக்கத்தில் கரை நாடாவை வீச ஒரு துணையாள் அமர்ந்தாக வேண்டும். அவன் மனைவி ராட்டையில் ஊடை நூல் சுற்றுகிறாள். வயது முதிர்ந்த தகப்பன், கண் மங்கிய பிறகும், தீர்ந்த பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைப் பிணைக்கிறார். கூலி ஒரு பெயரில் எழுதப்படுகிறது. உழைப்போ ஒரு குடும்பத்தினுடையது. அதனால்தான் இந்த வீட்டில் ஒருவன் மட்டும் தனியே ஓய்வெடுக்க இயலாது. ஓய்வென்றால் முழுக் குடும்பத்துக்கும் ஓய்வு. இல்லையென்றால் எவருக்கும் இல்லை. சுற்றத்தோடு கடற்கரைக்குப் போவது அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. அவர்கள் தொழிலின் அமைப்பே அப்படி. சேர்ந்து உழைப்போர் சேர்ந்துதானே ஓய முடியும்?

"தறிக்காரர்களுக்கு வேலை இல்லாத நாட்களே நிறைய உண்டே, அந்நாட்களில் போகட்டுமே!" என்று ஒரு கெட்டிக்காரர் குறுக்கிடுவார். ஆம், உண்டு. மழை பிடித்தால் தெருவில் பாவு நீட்ட வழியில்லை; குழித்தறியில் ஈரம் ஏறுகிறது. ஜரிகை விலை ஏறினால் முதலாளி பாவு தர மறுக்கிறார். 2020 ஊரடங்கில் தறிகள் ஓசையின்றிக் கிடந்தன. இவையெல்லாம் விடுமுறையா? அடுப்பில் பூனை உறங்கும் நாளை விடுமுறை என்று சொல்பவன் பசியை அறியாதவன்! வேலையில்லா நாள் வேறு, விடுமுறை நாள் வேறு. கூலி நிற்கும் நாள் முதலாவது. கூலி நிற்காமல் கை ஓயும் நாள் இரண்டாவது. முதலாவது நெசவாளியிடம் ஏராளம். இரண்டாவது அவனுக்கு இல்லை.

இந்த வேறுபாட்டை உலகத் தொழிலாளி எப்படி உணர்ந்தான் என்பதைச் சற்றே பார்ப்போம்.

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணி நம் கைத்தறியின் கழுத்தை நெரித்த கதை நமக்குத் தெரியும். ஆனால் அந்த ஆலையில் நின்றவனும் தொழிலாளிதான். அங்கே ஆண்டுக்கு ஒரு வாரம் ஓர் ஊரின் ஆலைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் மூடப்படும். அந்த வாரத்தில் ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். பாட்டி, பேரன், பக்கத்து வீட்டுக்காரர், பட்டறைத் தோழர் எல்லோரும் போவார்கள். பணம் எங்கிருந்து வந்தது? முதலாளி கொடுக்கவில்லை. வாரந்தோறும் கூலியில் சில காசுகளைச் சேமிப்புக் கழகங்களில் போட்டுவைத்து, விடுமுறை வாரத்துக்கு முன் பிரித்துக்கொண்டார்கள். தாமே சேமித்துத் தாமே ஓய்ந்தார்கள். 1938-ல்தான் சம்பளத்துடன் விடுமுறை என்ற சட்டம் அங்கே பிறந்தது.

பிரான்சு நாட்டிலோ 1936-ல் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. ஆலைகளுக்குள்ளேயே தொழிலாளர் அமர்ந்துவிட்டனர். அந்த ஆண்டு சூன் மாதத்தில், எல்லாத் தொழிலாளர்க்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் வந்தது. குறைந்த கட்டண ரயில் சீட்டும் வந்தது. அன்றுவரை கடலைப் படத்தில் மட்டுமே கண்டிருந்த எத்தனையோ குடும்பங்கள், அந்தக் கோடையில்தான் முதல் முறையாக அலையில் கால் நனைத்தன. அதே 1936-ல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும், ஓராண்டு உழைத்தவனுக்குக் குறைந்தது 6 வேலை நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை வேண்டும் என்று ஒப்பந்தம் வகுத்தது.

விடுமுறை என்பது தருமவான் தந்த பிச்சை அல்ல. போராடிப் பெற்ற கூலியின் ஒரு பகுதி. இதுதான் அந்த வரலாறு கூறும் பாடம்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்த தொழிலாளிக்கு, உழைத்த 20 நாட்களுக்கு 1 நாள் வீதம் சம்பளத்துடன் விடுமுறை என்று எழுதியது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்பிலும் அந்த இருபதுக்கு ஒன்று என்ற கணக்கு நிற்கிறது. ஆனால் அச்சட்டங்களின் கண்ணுக்குத் தொழிற்சாலை தெரிகிறது. வீட்டுத் தறி தெரியவில்லை. நடு வீட்டில் குழி தோண்டி அமர்ந்திருப்பவன் தொழிலாளியா, சொந்தத் தொழில் செய்பவனா என்ற வழக்கிலேயே அவன் வாழ்நாள் போய்விடுகிறது. நூல் முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது, சேலை முதலாளியுடையது, முதுகுவலி மட்டும் இவனுடையது! 2019-20-ல் எடுத்த அகில இந்தியக் கணக்குப்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கு மேல். ஆகஸ்டு 7-ஆம் நாளைத் தேசியக் கைத்தறி நாள் என்று 2015 முதல் கொண்டாடுகிறார்கள். நாளுக்குப் பெயர் கொடுத்தார்கள். நாள் கூலி கொடுத்தார்களா?

நாம் கேட்பது பெரிதல்ல. இருபதுக்கு ஒன்று என்றால் நூற்றுக்கு ஐந்து. நெசவாளி பெறும் ஒவ்வொரு 100 ரூபாய்க் கூலிக்கும் 5 ரூபாய் கூடுதலாக, அவன் பெயரில் விடுமுறைக் கணக்கில் சேரட்டும். கூட்டுறவுச் சங்கங்கள் வழிகாட்டட்டும். தனியார் முதலாளிகளும் கூலி ஒப்பந்தத்தில் இதை ஏற்கட்டும். 240 நாள் நெய்தவனுக்கு 12 நாள் கூலி சேர்ந்திருக்கும். "சேலை விலை ஏறிவிடும்" என்று சிலர் அலறுவர். விலையில் பட்டு உண்டு, ஜரிகை உண்டு, சாயம் உண்டு, கடை வாடகை உண்டு, லாபம் உண்டு. கூலி அதில் ஒரு பங்குதான். அந்தப் பங்கில் இருபதில் ஒன்று ஏறினால் எந்தத் திருமணமும் நின்றுவிடாது!

அடுத்து, குழந்தைகள். இங்கேதான் நம் நெஞ்சு கனக்கிறது. கரை நாடா வீச அமர்ந்த அந்தத் துணையாள், பல வீடுகளில் ஒரு காலத்தில் பிஞ்சுக் கைதான். முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் பிறர் தறியில் அமர்ந்த கொடுமையை, 2003-ல் வெளிவந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை காஞ்சிபுரத்தின் பெயரைச் சொல்லியே உலகுக்கு உரைத்தது. சட்டங்களாலும் பள்ளிகளாலும் நல்லோர் முயற்சியாலும் அந்நிலை பெரிதும் மாறிற்று. எனினும் ஒரு சிறு வாசல் திறந்தே இருக்கிறது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பின்னும் விடுமுறை நாட்களிலும், குழந்தை உதவலாம் என்றார்கள். நெசவு அதில் அடங்குமா, அடங்காதா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். நாம் பெற்றோரிடம் பேசுகிறோம்: பள்ளி மணி ஓய்ந்ததும் தறி மணி அடித்தால், பிள்ளைக்கு விடுமுறை எது? கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் ஆசிரியர் "எங்கே போனீர்கள்?" என்று கேட்கும்போது, ஒருவன் ஊட்டி என்பான், ஒருத்தி பெங்களூர் என்பாள். நம் பிள்ளை தலை குனிய வேண்டுமா?

அதற்காகத்தான் காணும் பொங்கலை நாம் போற்றுகிறோம். அன்று சென்னை மெரினாவும் மாமல்லபுரமும் உழைக்கும் மக்களின் உரிமையாகிவிடுகின்றன. கட்டுச்சோற்று மூட்டை, தண்ணீர்க் குடம், பந்து, பாய், பாட்டியின் ஊன்றுகோல் என எல்லாம் மணலில் இறங்குகின்றன. ஓராண்டாகப் பேசாதிருந்த பங்காளிகள் ஒரே பாயில் அமர்கிறார்கள். மாமன் தோளில் மருமகன் ஏறிக் கடலைப் பார்க்கிறான். அந்த மணலுக்கும் நமக்கும் உறவு பழையது. 1923 மே முதல் நாள், இந்தியாவிலேயே முதன்முதலாக மே நாளைச் சிங்காரவேலர் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில். நான்கு தொழிலாளர் பாறை பெயர்க்கும் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்பதும் அங்கே. காஞ்சி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1969 முதல் துயில்வதும் அந்த மணலிலேயே. கடற்கரை நமக்கு அந்நிய நிலமா, என்ன?

தோழர்களுக்குச் சில சொற்கள். தெருத்தெருவாகச் சேமிப்புக் கழகம் தொடங்குங்கள். லங்காஷயர்க்காரன் செய்ததைப் பிள்ளையார்பாளையம் செய்ய முடியாதா? பத்து வீடு சேர்ந்தால் ஒரு பேருந்து. கடனுக்கு வட்டி கட்டிப் போகும் பயணம் வேண்டாம். சேர்த்த காசில் போங்கள். அலையோடு விளையாட்டு வேண்டாம். மெரினாவிலும் மாமல்லையிலும் கரையை ஒட்டியே ஆழமும் இழுப்பும் உண்டு. காணும் பொங்கலன்று போலீசார் தடுப்புக் கட்டுவது நம் உயிருக்காக. குழந்தையின் மணிக்கட்டில் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்ட மறவாதீர்கள். இன்னொன்று: விடியுமுன் எழுந்து முப்பது பேருக்குப் புளிச்சோறு கிளறிக் கட்டிவிட்டு, கடற்கரையிலும் பரிமாறிக்கொண்டே இருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு விடுமுறை எப்போது? அன்று ஒரு நாளாவது ஆண்கள் கரண்டி பிடிக்கட்டும். முதலாளியிடம் உரிமை கேட்கும் வாய், வீட்டில் உரிமை கொடுக்கவும் கற்க வேண்டும்.

வரும் கூலிப் பேச்சில் போனசைக் கேளுங்கள், கூலி உயர்வைக் கேளுங்கள். அவற்றோடு இருபதுக்கு ஒன்று என்பதையும் எழுதிக் கேளுங்கள். பாவுக்கு ஓய்வு தந்தால் பட்டு கெடாது. பிள்ளைக்கு ஓய்வு தராவிட்டால் தலைமுறை கெடும்!