கைச்சக்கரத்திலிருந்து கணிப்பொறிக்கு
(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

கணிப்பொறி என்றவுடன் திரையும் எழுத்துப் பலகையுமே நம் கண்முன் நிற்கின்றன. இரும்பைச் சீவவும் பித்தளையைக் குடையவும் அலுமினியத்தில் பிசகின்றி வட்டம் வெட்டவும் கட்டளையிடும் கணிப்பொறியும் உண்டு. கோவையின் தொழிற்கூடங்களில் ‘சி.என்.சி.’ என்னும் மூன்றெழுத்தை அறியாதவர் இல்லை. ஆனால் அத்தகைய இயந்திரம் ஒன்றைப் புதிதாக வாங்கப் பல லட்சம் ரூபாய் வேண்டும். இருவரை வைத்துப் பட்டறை நடத்தும் என் மாமாவைப் போன்றவர்களுக்கு அது கடன் வாங்காமல் கைகூடாது. வளைவான வேலைகள் வந்தால், “நம்மால் ஆகாதுங்க” என்று அவர் திருப்பி அனுப்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அவருடைய பட்டறையில் மேசைமேல் வைக்கும் சிறிய மில்லிங் இயந்திரம் ஒன்று இருக்கிறது. கடந்த இரண்டு விடுமுறைகளில் அதனை நாங்கள் இருவரும் கணிப்பொறியின் கட்டளைக்கு உட்படுத்தினோம். அது எவ்வாறு இயலும், குறைந்த பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூவர் செய்த வேலை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் தொடர்பான பணியில் ஈடுபட்டிருந்தார். இறக்கையின் வளைவை அளந்து பார்க்கும் வார்ப்புருக்களை வெட்டுவது கடினமாக இருந்தது. வளைவின் மீதுள்ள புள்ளிகளின் அளவுகளை முன்னதாகவே கணக்கிட்டு அட்டவணையாக்கினார். ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார். மற்ற இருவர் ஆளுக்கொரு கைச்சக்கரத்தை அந்த எண் வரை சுற்றுவர். இந்த மூவரின் வேலையையும் பொறியே செய்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து புதிய தொழில்நுட்பம் பிறந்தது. 1949 இல் அமெரிக்க விமானப்படை இம்முயற்சிக்குப் பொருளுதவி அளித்தது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி இயங்கும் மில்லிங் இயந்திரத்தை 1952 இல் இயக்கிக் காட்டினர்.

அன்று அதன் கட்டுப்பாட்டுக் கருவிகள் வெற்றிடக் குழல்களும் ரிலேக்களும் நிறைந்த அலமாரிகளாக இருந்தன. இன்று அந்த வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ என்னும் மின்சுற்றுப் பலகை செய்கிறது. 2005 இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட பலகை அது. நார்வே நாட்டைச் சேர்ந்த சிமென் ஸ்கோக்ஸ்ருட் 2009 இல் அதற்கென ‘ஜிஆர்பிஎல்’ என்னும் நிரலை எழுதி, யாவரும் இலவசமாகப் பயன்படுத்தத் தந்தார். நாங்கள் பயன்படுத்தியது அதுவே.

கட்டளை செல்லும் வழி

மில்லிங் இயந்திரத்தில் சுழலும் வெட்டுக்கருவிக்குக் கீழே மேசை இருக்கிறது. மேசை இடவலமாகவும் முன்பின்னாகவும் நகரும். வெட்டுக்கருவியைத் தாங்கிய தலைப்பகுதி மேலும் கீழும் நகரும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு திருகும் அதனைச் சுற்ற ஒரு கைச்சக்கரமும் உண்டு. கைச்சக்கரத்தை எடுத்துவிட்டு அங்கே ஸ்டெப்பர் மோட்டாரைப் பொருத்துவதே மாற்றத்தின் சாரம்.

ஸ்டெப்பர் மோட்டார் சாதாரண மோட்டாரைப் போல ஓடிக்கொண்டே இராது. ஒரு மின் துடிப்புக்கு ஓர் அடி எடுத்து வைக்கும். வழக்கமாகக் கிடைக்கும் மோட்டாரில் ஓர் அடி 1.8 பாகை; ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள். மோட்டாரை ஓட்டும் ‘டிரைவர்’ என்னும் சுற்று ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பகுக்குமாறு அமைத்தோம். ஆகவே ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்புகள். எங்கள் மேசைத் திருகு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும். எனவே ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள். ஒரு துடிப்புக்கு நகர்வு சுமார் 0.003 மில்லிமீட்டர். நிரலுக்கு நாம் சொல்ல வேண்டிய முதல் எண் இந்த 320 தான்.

வரைபடத்தைக் கணிப்பொறியில் வரைந்தால், ‘ஃப்ரீகேட்’ போன்ற இலவச மென்பொருள் அதனை ‘ஜி-கோடு’ என்னும் கட்டளைகளாக மாற்றித் தரும். ‘ஜி1 எக்ஸ்40 எஃப்300’ என்றால், ‘இடவல அச்சில் 40 என்ற இடத்திற்கு நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் நேராகச் செல்’ என்பது பொருள். இதற்கு வினாடிக்கு 1,600 துடிப்புகள் போதும். ஜிஆர்பிஎல் வினாடிக்கு ஏறத்தாழ 30,000 துடிப்புகள் வரை தர வல்லது. ஆகவே மூளையின் வேகம் நமக்குத் தடையே அன்று.

ஆட்டம் என்னும் பகை

தடை வேறிடத்தில் இருக்கிறது. மோட்டார்களின் விலைப்பட்டியலை நான் புரட்டிக்கொண்டிருந்தபோது மாமா சொன்னார்: “மிஷினுக்கு மூளை வைக்கிறது இருக்கட்டும் மாப்ளே. முதல்ல அதோட ஆட்டத்தை நிறுத்து.”

திருகுக்கும் மரைக்கும் இடையில் சிறு இடைவெளி இருந்தே தீரும். கைச்சக்கரத்தை வலப்புறம் சுற்றிவிட்டு இடப்புறம் திருப்பினால், அந்த இடைவெளி தீரும் வரை சக்கரம் சுற்றும், மேசை நகராது. பட்டறையில் இதனை ‘ஆட்டம்’ என்றும் ‘பிளே’ என்றும் சொல்வர். டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது எங்கள் மேசையில் 0.25 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது. அதாவது 80 துடிப்புகள் வீணாகும்!

அப்படியானால் மாமா இத்தனை ஆண்டுகளாக அதே இயந்திரத்தில் எப்படித் துல்லியமாக வேலை செய்தார்? அவர் எந்த அளவையும் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து தொடுவார். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்வாங்கி மறுபடி வருவார். இயந்திரத்தின் குறையை அவர் கை அறிந்திருந்தது. கணிப்பொறிக்கு அந்தக் கை இல்லை. அது 40 என்றால் 40க்கு உரிய துடிப்புகளை எண்ணி அனுப்பும். மேசை வந்து சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்காது. வட்டம் வெட்டச் சொன்னால், ஒவ்வோர் அச்சும் திசை திரும்பும் இடத்தில், ஆக நான்கு இடங்களில், விளிம்பில் தழும்பு விழும். வெட்டுக்கருவியின் சுழற்சி மேசையைத் தன்பக்கம் இழுக்குமாறு வெட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஆட்டம் உள்ள அளவுக்கு மேசை திடீரெனத் தாவும், கருவி முறியும்.

ஆகவே மின்சாரத்தைத் தொடுமுன் இயந்திரத்தைச் சீர்செய்தோம். மேசை வழுக்கும் தடங்களைத் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்யும் ‘ஜிப்’ பட்டைகளை இறுக்கினோம். மேசையின் இரு அச்சுகளுக்கும் பழைய திருகுகளை நீக்கிப் ‘பால் ஸ்க்ரூ’ பொருத்தினோம். இதில் மரைக்குள் எஃகுக் குண்டுகள் உருள்வதால் உராய்வும் குறைவு, ஆட்டமும் குறைவு. திருகின் முனையைத் தாங்கும் பேரிங்குகள் அசைந்தாலும் ஆட்டம் வரும் என்பதால் அவற்றையும் அழுத்தமாகப் பொருத்தினோம். பின்னர் அளந்தபோது ஆட்டம் 0.02 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது.

தலைப்பகுதிக்கு மட்டும் பழைய திருகையே விட்டுவைத்தோம். கனமான தலை எப்போதும் கீழ்நோக்கி அழுத்துவதால் இடைவெளி ஒரே பக்கம் ஒதுங்கிவிடுகிறது. மேலும், உராய்வு குறைந்த பால் ஸ்க்ரூவாக இருந்தால் மின்சாரம் நின்றதும் தலை தானாகவே இறங்கிவிடக்கூடும். பழைய திருகு அதனைப் பிடித்து நிறுத்தும். வகுப்பில் படித்த உராய்வுப் பாடம் எங்களுக்கு ஐயாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியது!

வரவுக்கேற்ற செலவு

எங்களுக்கு ஆன செலவு ஏறத்தாழ இவ்வாறு: மூன்று மோட்டார்கள் ரூ. 7,500, மூன்று டிரைவர்கள் ரூ. 2,400, மின்வழங்கி ரூ. 2,000, கட்டுப்பாட்டுப் பலகை ரூ. 500, கம்பிகளும் சுவிட்சுகளும் ரூ. 1,600, பேரிங்குகளோடு இரண்டு பால் ஸ்க்ரூ ரூ. 10,000, இணைப்பிகளும் தகடுகளும் ரூ. 2,000. ஆக மொத்தம் ரூ. 26,000. கணிப்பொறி பழையது, நிரல்கள் இலவசம். மோட்டாரைத் தாங்கும் தகடுகளை அதே இயந்திரத்திலேயே, கைச்சக்கரம் இருந்தபோதே வெட்டிக்கொண்டோம்.

இக்கணக்கை உற்று நோக்குங்கள். மூளையின் விலை மொத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பெருஞ்செலவு மூட்டுகளுக்கும் தசைகளுக்குமே. மூளைக்கு அதிகம் கொடுத்து மூட்டில் சிக்கனம் பிடிப்பவர் வட்டத்தை எதிர்பார்த்துத் தழும்பைப் பெறுவார்.

காப்பு

தானே நகரும் இயந்திரம் விரலையும் இரும்பையும் வேறுபடுத்தி அறியாது. எனவே அவசர நிறுத்தப் பொத்தான் நிரலுக்குச் செய்தி அனுப்பினால் மட்டும் போதாது. மோட்டார்களுக்கும் வெட்டுக்கருவிக்கும் செல்லும் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். உலோகத் துகள் மின்சுற்றில் விழாதபடி மூடிய பெட்டியும், முறையான எர்த் இணைப்பும் இன்றியமையாதவை. பெரிய மோட்டாரின் மின்னிரைச்சல் எல்லைச் சுவிட்சுகளின் கம்பியில் புகுந்து பொய்ச் செய்தி தரும் என்பதால், அக்கம்பிகளுக்கு உலோகக் கவசம் உள்ள வகை நல்லது.

எதைச் செய்யும், எதைச் செய்யாது?

இது தொழிற்சாலை இயந்திரத்துக்கு ஈடாகாது. உடல் சிறியது, ஆழமாக வெட்டினால் அதிரும். சுமை மிகுந்து மோட்டார் ஓர் அடியைத் தவறவிட்டால், அது கணிப்பொறிக்குத் தெரியவும் தெரியாது. அலுமினியத்தை அரை மில்லிமீட்டர் ஆழமாகச் சிறிது சிறிதாகவும், இரும்பை அதனினும் மெல்லவும் வெட்டுகிறோம். விரலுக்குத் தக்க வீக்கம்தான் இருக்க முடியும். ஆனால் முன்பு திருப்பி அனுப்பிய வளைவான சிறு தகடுகளை இப்போது மாமா ஏற்றுக்கொள்கிறார்.

இயந்திரத்துக்கு மூளை வந்தால் தொழிலாளியின் கைத்திறனுக்கு மதிப்பில்லாமல் போகும் என்று சிலர் அஞ்சுவர். நான் கண்டது வேறு. எந்த வேகத்தில் வெட்டுவது, வேலைப்பொருளை எப்படிப் பிடிப்பது, எந்த ஓசை கேட்டால் நிறுத்துவது என்பவற்றை ஜி-கோடு சொல்லித் தருவதில்லை. நிரலில் நான் எழுதும் ஒவ்வோர் எண்ணையும் மாமாவைக் கேட்டே எழுதுகிறேன். எனக்குக் கணக்குத் தெரியும். அவருக்கு இரும்பு தெரியும்.

நம் கல்லூரியைச் சுற்றி எத்தனையோ சிறு பட்டறைகள் உள்ளன. இயற்பியலும் கணிதமும் பயிலும் நண்பர்கள் ஒருநாள் அவற்றின் வாசலை மிதித்துப் பாருங்கள். ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்கும் அடுப்பு அங்கே எரிகிறது.