காற்றுப் படகு விளையாட்டுப் பொருளல்ல

போடிக்கு 2023 ஜூனில் மீண்டும் ரயில் வந்த பிறகு, லீவு கிடைத்தால் சின்னக்கானலில் எஸ்டேட் வேலை பார்க்கும் என் அக்காள் வீட்டுக்குப் போய் வருவது எளிதாகிவிட்டது. சென்ற முறை அக்காள் மகனும் போடியிலிருந்து கூட வந்தான். அவன் வாங்கிய காற்றடைத்த காயாக் படகு ஜீப்பின் கூரையில் கட்டியிருந்தது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் கல் போல் காற்றடித்திருந்தான். போடிமெட்டு ஏறி, வெயிலில் பூப்பாறையை நெருங்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். ஒரு பக்கத்து ஒட்டு பிரிந்து, படகு துணி போல் தொங்கியது.

“காற்று நிறைய இருந்தால் நன்றாக மிதக்கும் என்று நினைத்தேன், மாமா” என்றான்.

படகு போனது பெரிதல்ல. அதில் ஏறி ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தைக் கடந்து, 301 காலனியில் உள்ள நண்பனைப் பார்க்கப் போக இருந்தானாம். அதைக் கேட்டதும் அக்காள் பதறிப்போனாள். காரணம் உண்டு. 2023 நவம்பரில் அந்த நீர்த்தேக்கத்தில் சிறு வள்ளம் கவிழ்ந்து அதே காலனியைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர்.

301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்த இடம் என்பதால் காலனிக்கு அந்தப் பெயர். தரை வழியில் யானை பயம். தண்ணீர் வழியில் இந்த ஆபத்து. எனவே படகைத் தொடுமுன் அன்பர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

காற்று எவ்வளவு?

சைக்கிள் டயருக்கு 40 பவுண்டு அளவு காற்று வேண்டும். இவ்வகைப் படகுகளில் பலவற்றுக்கு ஓரிரு பவுண்டே போதும். படகின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுதான் கணக்கு. போடியைவிடப் போடிமெட்டு சுமார் 1000 மீட்டர் உயரம். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து ஒட்டைத் தள்ளும். வெயில் பட்டால் இன்னும் விரியும். ஆகவே படகைச் சுருட்டி எடுத்துப் போய், கரையில் வைத்துக் கால் பம்பினால் அடிப்பதே முறை. குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் சற்றுத் தளரும். அப்போது கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். கரையேற்றி வெயிலில் போட்டால் கொஞ்சம் திறந்துவிட வேண்டும்.

நல்ல படகில் இரு பக்கமும் அடித்தளமும் தனித்தனி அறைகளாக இருக்கும். ஒன்று போனாலும் மற்றவை மிதக்கும். லாரி டியூபுக்கு அந்த வசதி இல்லை. ஒரு முள் குத்தினால் முழுவதும் போய்விடும். நீர்த்தேக்கங்களில் மூழ்கிய மரக்கட்டைகள் உண்டு. கோடையில் தண்ணீர் இறங்கும்போது அவை மேல்மட்டத்துக்கு அருகில் வந்து நிற்கும்.

எதிரி காற்றுதான்

தண்ணீரைவிட இந்தப் படகுக்குப் பெரிய எதிரி வெளியே வீசும் காற்று. எடை குறைவு, அடிப்பாகம் தட்டை. ஆகையால் இலையைப் போல் தள்ளிக்கொண்டு போய்விடும். பின்னடியில் பொருத்தச் சிறு தகடு கொடுத்திருந்தால் அதைப் பொருத்தாமல் இறங்கக் கூடாது. போகும்போது காற்றை எதிர்த்துப் போக வேண்டும். களைத்துத் திரும்பும்போது அதே காற்று கரை சேர்க்கும். கரையோரமாகவே போய், காலையிலேயே திரும்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். கையால் மட்டும் வலித்தால் தோள் விட்டுப்போகும். நிமிர்ந்து உட்கார்ந்து, காலை ஊன்றி, உடம்பைத் திருப்பி வலிக்க வேண்டும்.

நீச்சல் தெரிந்தவரும் லைப் ஜாக்கெட் போட்டு எல்லாக் கொக்கிகளையும் மாட்ட வேண்டும். கழுத்தில் ஒரு விசில். கவிழ்ந்தால் கரைக்கு நீந்தப் பார்க்காமல் படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். திரும்ப ஏறும் வித்தையை இடுப்பளவு தண்ணீரில் முன்பே பழகிவிட வேண்டும்.

கரையில் யானை தெரிந்தால் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேரைப் பலிகொண்ட படகு விபத்தில், பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பெரிய படகுக்கே அந்தக் கதி என்றால் 15 கிலோ படகுக்குச் சொல்ல வேண்டுமா? யானை நன்றாக நீந்தும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆனையிறங்கல் அணை கேரள மின்வாரியத்துக்குரியது. அனுமதியில்லாமல் அதில் படகு இறக்க முடியாது. அரிசி மூட்டையோடு அக்கரை போக இது வள்ளமும் அல்ல.

அக்காள் மகன் ஒட்டுப் போட்டுவிட்டான். இப்போது எஸ்டேட் குளத்தில், அனுமதி வாங்கி, ஞாயிறு காலை மட்டும் ஓட்டுகிறான். முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில் அவனே பத்து முறை கவிழ்த்து ஏறிப் பழகினான். அக்காள் கரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். லைப் ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.