1எச்இசட்: கணினி தேவைப்படாத டீசல் எஞ்சின்

டொயோட்டா லேண்ட் க்ரூசர் 70 வரிசை ஜீப்புகளில் 1990 முதல் பொருத்தப்பட்ட 4.2 லிட்டர் எஞ்சின் இது. ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது. டீசல் பம்பைக் கவனித்துப் பாருங்கள். எந்த நொடியில் எவ்வளவு டீசல் செல்ல வேண்டும் என்பதைச் சுழலும் பாகங்களே முடிவு செய்கின்றன. கோளாறு வந்தால் ஸ்பேனரும் அனுபவமும் உள்ள மெக்கானிக் பெரும்பாலும் சாலையோரத்திலேயே சரிசெய்துவிடுவார். ஆப்பிரிக்காவில் பணிபுரியும் நிவாரண அமைப்புகள் இதை விரும்பி வாங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதற்கு மாறாக, கணினி கட்டுப்படுத்தும் இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் டீசல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில் மயிரிழைத் துளைகள் வழியே பீய்ச்சப்படுகிறது. டீசலில் சிறிது தண்ணீரோ தூசியோ கலந்தாலும் இன்ஜெக்டர் பழுதாகலாம். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ஆனால் அந்த வடிகட்டி இருப்பதால்தான் நாம் சுவாசிக்கும் காற்றில் கரி குறைகிறது. அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. ஆற்றலிலும் புதியதே மேல்: 1எச்இசட் தருவது சுமார் 96 கிலோவாட், அதே 70 வரிசையின் புதிய 2.8 லிட்டர் எஞ்சின் தருவது 150.

பழையது என்பதால் பராமரிப்பு தேவையில்லை என்று எண்ண வேண்டாம். டைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றாமல் விட்டு அது அறுந்தால், வால்வுகள் பிஸ்டனில் மோதி இந்த எஞ்சினும் நின்றுவிடும்.