ராஜினாமா எழுதும் முன்பு

"நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டா மரியாதையா இருக்கும்." நீண்டநாள் நோயால் அடிக்கடி விடுப்பு எடுக்கும் தொழிலாளியிடம் மேலாளர்கள் சொல்லும் வழக்கமான வாசகம் இது. சண்டை எதற்கு என்று பலரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதோடு சம்பளம் மட்டும் போவதில்லை. நோயாளி என்ற முறையில் வரவேண்டிய பணமும் சிகிச்சையும் சேர்ந்து போகின்றன. வேலையை விடுவதா வேண்டாமா என்பது பிறகு. என்னென்ன கைவசம் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

ஈ.எஸ்.ஐ: மருந்துச் சீட்டுக்கு அப்பால்

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலைபார்க்கும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000) வாங்குபவர் ஈ.எஸ்.ஐ காப்பீட்டுக்குள் வருவார். சம்பளத்தில் 0.75 சதவீதம் அவரிடம் பிடிக்கப்படும், முதலாளி 3.25 சதவீதம் போடுவார். 15,000 ரூபாய் சம்பளக்காரர் மாதம் 112 ரூபாய் 50 காசு கட்டுகிறார்.

இதை வெறும் மருத்துவச் செலவுக்கான அட்டையாகவே பலர் நினைக்கிறார்கள். நோயால் வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

91 நாளில் தீராத நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை உண்டு. புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, காசநோய், பக்கவாதம், கண்ணையோ சிறுநீரகத்தையோ காலையோ பாதித்த சர்க்கரை நோய் உட்பட 34 நோய்கள் அதன் பட்டியலில் இருக்கின்றன. இதில் 80 சதவீதச் சம்பளம், இரண்டு ஆண்டு வரை. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் 156 நாட்களுக்குச் சந்தா கட்டியிருப்பது நிபந்தனை. ராஜினாமா செய்தவருக்குச் சந்தா நிற்கும். சில மாதங்களில் உரிமையும் நின்றுபோகும்.

பலர் கோட்டைவிடுவது சான்றிதழில்தான். தனியார் மருத்துவமனைச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு பணம் கேட்டால் இழுபறி ஆகும். ஈ.எஸ்.ஐ டிஸ்பென்சரி மருத்துவரிடம் சான்று வாங்கி, இடைவெளி விழாமல் நீட்டித்துக்கொண்டே வர வேண்டும்.

வேலையிடத்தில் என்ன கேட்கலாம்

நோயை மறைத்து வேலைபார்ப்பதில் ஆபத்து இருக்கிறது. இன்சுலின் போடுபவர் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, குழம்பிப்போகலாம். இயந்திரத்தின் முன்னால் நிற்பவருக்கு அது உயிராபத்து. அதனால் பக்கத்தில் வேலைபார்க்கும் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்க வேண்டும்.

முதலாளியிடம் நோயின் முழு வரலாற்றையும் சொல்லத் தேவையில்லை. தேவையை எழுதிக் கொடுத்தால் போதும். குறித்த நேரத்தில் சாப்பாட்டு இடைவேளை, இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜில் இடம், நைட் ஷிஃப்டிலிருந்து விலக்கு, இவற்றை மருத்துவரின் பரிந்துரையோடு கேளுங்கள். டயாலிசிஸ் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். அதிகாலை அல்லது மாலை நேரம் கிடைக்குமா என்று டயாலிசிஸ் மையத்தில் விசாரித்துவிட்டு, அதற்கேற்ற ஷிஃப்டைக் கேளுங்கள். கடையில் நின்றே வேலைபார்ப்பவர்கள் உட்கார இருக்கை கேட்பது சலுகை அல்ல. தமிழ்நாட்டில் 2021 முதல் அது சட்டம்.

சட்டம் எதுவரை துணைவரும்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோஃபீலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகியவை இருக்கின்றன. அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அதற்காக நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது; அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்றலாம். எச்.ஐ.வி உள்ளவரை அதற்காகவே வேலையிலிருந்து விலக்குவதை 2017 சட்டம் தடுக்கிறது.

சர்க்கரையும் சிறுநீரக நோயும் அந்த 21-இல் இல்லை. தனியார் நிறுவனத்தில் இந்த நோயாளிகளுக்குச் சட்டத்தின் பிடி தளர்வாகவே இருக்கிறது. அதனால்தான் எழுத்தில் வைத்த வேண்டுகோளும் மருத்துவச் சான்றும் இவர்களுக்கு இன்னும் முக்கியம்.

ஈ.எஸ்.ஐ இல்லாதவர்களுக்கு

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மாத்திரைக்காக அரைநாள் கூலியை இழப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பி.எஃப் கணக்கு இருந்தால் சிகிச்சைக்குத் திருப்பிக் கட்ட வேண்டாத முன்பணம் எடுக்கலாம்.

நெருக்கினால்

ராஜினாமா கேட்டால், "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். கடிதங்கள், சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்று எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். பிறகு தாமதிக்காமல் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையிடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அழைக்க வேண்டிய எண் 15100.